அண்டி ஆபீசுக்கு வந்த பெரெஸ்த்ரோய்கா

எதிர்வீட்டு ஷைனியின் மகள் ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் நேற்றுக் காலை ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். வறுத்து உப்புப் போட்ட முந்திரிப் பருப்பு. மேலே அந்த ஊர் எழுத்து. பாதி ஆயுசை அண்டி ஆபீசில், முந்திரிக்கொட்டை ஆலையில், பருப்புத் தரம் பிரித்துக் கழித்தவளுக்கு ரஷ்யாவிலிருந்து முந்திரி வருகிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிரித்தவுடன் வாசனையும் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. விரல் நுனியைப் பார்த்துக்கொண்டேன், கொட்டைத் தோட்டின் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று. எத்தனை வருஷத்துக்குப் பிறகு!

"அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசி மக்ளே" என்றேன்.

"பருப்பு வியட்நாமாம் அம்மச்சி. பாக்கெட்டுல அடைச்சது மட்டும் அங்க."

நம் ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. ஒரு காலத்தில் நாம் அனுப்பாத பருப்பா அந்த ஊரில் விற்றது? கேட்காமல் இருக்க முடியவில்லை. "அங்க, நாடு ஒடையுகதுக்கு முன்ன இருந்த அந்தக் கடைசித் தலைவரப் பத்தி இப்ப என்ன பேசுகாவ?"

"எங்க ஹாஸ்டல்ல சாவி வச்சிருக்கிய ஒரு அம்மா உண்டு. அந்த மனுசனுக்க பேரக் கேட்டாலே திட்டுவாவ. நாட்ட வித்துட்டான்னு சொல்லுவாவ. எங்க டீச்சர் ஒருத்தி மட்டும், அவராலதான் எங்க அம்மா போன்ல பயமில்லாம பேசினான்னு சொல்லுகா."

"நீ யாரு சொல்லுகத நம்புக?"

"எனக்குப் பரீட்சை இருக்கு அம்மச்சி" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கெட்டிக்காரி. நீ இருந்தவரை, ஏட்டி, நீயும் நானும் முப்பது வருஷம் அந்தக் கேள்விக்குள் கிடந்து அடித்துக்கொண்டோம்.

இரண்டு நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போகிறேன். முற்றத்தில் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன். பால் பொங்கி வழிகிறது. காரியம் இதுதான். அண்டி ஆபீசை நடத்தி, இப்போது மூடிக் கிடக்கிற நம் கூட்டுறவுச் சங்கத்தை அடியோடு கலைத்துக் கணக்கு முடிக்க ஓர் அதிகாரி வந்திருக்கிறார். நாளைக்குக் கடைசிக் கூட்டம். அவருடைய அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. செயலாளர் கொண்டுவந்த தேர்தல் முறையால் ஒழுங்கு குலைந்து, தரம் கெட்டு, சங்கம் மூட நேர்ந்தது என்பதுதான் அந்த வரி. உயிரோடிருக்கும் உறுப்பினர்கள் கை தூக்கி ஒப்புக்கொண்டால் அது அப்படியே நின்றுவிடும். செயலாளர் நீ. பதில் சொல்ல நீ இல்லை. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

ஊர் இதைப் புதிதாகச் சொல்லவில்லை. ஓட்டுப்போட்டு ஆபீசை மூடினவள் என்று உன்னைச் சந்தையிலேயே முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் என் மண்டைக் குடைச்சல் வேறு. அந்த வரியில் பாதி, அந்தக் காலத்தில் நான் உன்னிடம் செய்த வாதம். இன்றைக்கும் அந்தப் பாதியை நான் விடவில்லை. அப்புறம் நாளைக்கு எழுந்து நின்று நான் என்ன சொல்வது?

நீ மாஸ்கோவுக்குப் புறப்பட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? தொழிலாளிப் பெண்கள் குழு ஒன்று போனது, அதில் உன் பெயரையும் சேர்த்திருந்தார்கள். நீ செங்கொடிக் கட்சிக்காரி, சாமி இல்லை என்பவள். உன் அம்மா அய்யாவழிக்காரி, அவர்கள் கோவிலான பதிக்குத் தவறாமல் போகிறவள். களியக்காவிளையில் பஸ் ஏறும்போது வலுக்கட்டாயமாக உன் நெற்றியில் நாமத்தை இழுத்துவிட்டாள். நீ அழிக்கவில்லை, அம்மா கண்ணுக்கு மறையும்வரை. அந்த ஊர்த் தலைவருக்கும் நெற்றிக்கு மேலே ஒரு மச்சம் பரந்து கிடப்பதைப் பத்திரிகைப் படத்தில் நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம். "அங்கேயும் நெத்தியில ஒண்ணு இருக்கு பாரு, அவரும் நம்ம பதிக்கு வாற ஆளுதான்" என்று உடைப்பில், அண்டி உடைக்கிற பகுதியில், இருந்த பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து உனக்கு மாஸ்கோக்காரி என்று பெயர்.

திரும்பி வந்து நீ சொன்ன கதைகளில் எங்களுக்குப் பாதி பிடிக்கவில்லை. பெரிய மாளிகைகளைச் சொல்வாய் என்று நினைத்தோம். நீ கடைகளில் தட்டு காலியாகக் கிடந்ததைச் சொன்னாய். குடியை ஒழிக்கிறோம் என்று அந்தத் தலைவர் சாராயத்தைக் குறைத்தாராம். ஆட்கள் வீட்டிலேயே காய்ச்சத் தொடங்கி ஊரில் இருந்த சீனி முழுக்க அடுப்பில் போய்விட்டதாம். அரசாங்கத்துக்குச் சாராயத்தில் வந்த வருமானமும் போயிற்றாம். "எளவு, இதுக்கா நீ அம்புட்டு தூரம் போன" என்றேன். அதற்கு நீ சொன்ன பதிலை இன்றைக்கும் அப்படியே சொல்லுவேன்.

"சீனிக்கு நிக்கிய வரிசைய விட பேப்பர் வாங்க நிக்கிய வரிசை நீளம் ஏட்டி. விடியக்காலத்துலயே நிக்காவ. பஸ்ஸுல ஒருத்தன் சத்தமா கட்சியத் திட்டுகான். ஒருத்தரும் தலையக் குனியல்ல. எனக்கு அங்கேயே கண்ணு நெறஞ்சு போச்சு."

"சீனி இல்லாத ஊருல சத்தம் கூடத்தான் செய்யும்" என்றேன் நான். அதுதான் நம் சண்டையின் தொடக்கம்.

நீ எங்களுக்கு இரண்டு வார்த்தை கற்றுக்கொடுத்தாய். கிளாஸ்நோஸ்த் என்றால் ஒளிக்காமல் பேசுவது. பெரெஸ்த்ரோய்கா என்றால் வீட்டை இடித்துத் தள்ளாமல் மாற்றிக் கட்டுவது. அதையும் சும்மா சொல்லிவிட்டுப் போகிற ஆளா நீ? அந்த நாட்டில் ஆலைத் தொழிலாளிகளே தங்கள் மேலாளரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கச் சட்டம் வந்திருக்கிறது, நம் சங்கத்தில் தராசடியில் தரம் பார்க்கிற செக்கரை நாம் தேர்ந்தெடுத்தால் என்ன என்று, நானும் இருந்த நிர்வாகக் குழுவில் கேட்டாய். முந்திரி தேசத்தில் எத்தனை அண்டி ஆபீஸ் இருந்திருக்கும்? மாஸ்கோவில் என்ன நடக்கிறது என்று பார்த்துத் தராசுக்கு ஆள் வைத்த ஆபீஸ் நம்முடையது ஒன்றுதான் இருக்கும்.

அண்டி ஆபீசைத் தெரியாதவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றும். வறுத்த அண்டியை உடைத்து, தோலுரித்து, ஒவ்வொருத்தியும் தன் பருப்பைக் கொண்டுபோய்த் தராசில் கொட்ட வேண்டும். முழுப் பருப்புக்கு ஒரு கூலி, உடைந்த பருப்புக்குப் பாதிகூடக் கிடையாது. எது முழுசு, எது உடைசல் என்று சொல்வது செக்கர். அவள் வாயில்தான் வீட்டு அடுப்பு. அதுவரை செக்கரை வைத்தது சங்கத் தலைவர். அவருக்கு வேண்டப்பட்டவர்களின் கூடையில் உடைசலே இருக்காது. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். பேசினால் அடுத்த வாரம் பொடிப் பருப்பு பொறுக்குகிற மூலைக்குப் போக வேண்டும். நீ மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசச் சொன்னாய். முதல் வாரம் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒருத்தி, கக்கூசுக்குக் கதவில்லை என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சை உன்னால் நிறுத்த முடியவில்லை.

நான் எதிர்த்தேன். பேசுவதை எதிர்க்கவில்லை, எதை முதலில் செய்வது என்ற வரிசையை எதிர்த்தேன். முதலில் அண்டி வர வழி பார், ஆப்பிரிக்காச் சரக்கு விலை ஏறிக்கொண்டு போகிறது, வாங்குகிற ரஷ்யாக்காரன் ஒருவனையே நம்பியிருக்கிறோம், அதைச் சரிசெய்துவிட்டுத் தேர்தல் வை என்றேன். "மழைக்காலத்துலயா கூரையப் பிரிக்கது?" என்று குழுக் கூட்டத்தில் கத்தினேன்.

நீயும் கத்தினாய். "கூரை ஒழுகுகதே மழைக்காலத்துலதான் தெரியும். வெயில் காலத்துல யாரு மேல ஏறுகா?"

ஓட்டெடுப்பில் உயராத கைகளில் என்னுடையதும் ஒன்று. நீ ஜெயித்தாய். செக்கராக ரோசம்மா ஜெயித்தாள். தங்கமான மனசு அவளுக்கு. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவளுக்கு உடைசல் கண்ணில் படாது. வீட்டுக்காரன் குடிக்கிறவன் என்றால் படாது. கொஞ்ச நாளில் யாருடைய உடைசலும் படவில்லை. எல்லாருக்கும் கூலி கூடியது, எல்லாருக்கும் ரோசம்மாவைப் பிடித்தது. என் மேசைக்கு வந்த பருப்பில் பாதி உடைசல். முதல் தரம் என்று எழுதிய தகரத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நம் சரக்கை வாங்கி அனுப்புகிற கொல்லத்து ஏற்றுமதிக்காரர் ஒரு தகரத்தைத் திறந்து உன் முன்னாலேயே மேசையில் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார்.

வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் அங்கேயும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. நீ வாங்கிய பத்திரிகைகளில்தான் நான் அதைப் படித்தேன். தேர்ந்தெடுக்கப்பட்ட மேலாளர்கள் வந்தார்கள், கூலியைக் கூட்டினார்கள், சரக்கு கூடவில்லை. விலையோ மேலே இருந்து அரசாங்கம் போட்டபடியே நின்றது. கையில் பணம், கடையில் சோப்பு இல்லை. திட்டம் போட்டுக் கட்டளை இட்ட பழைய ஏற்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள், அந்த இடத்துக்குச் சந்தை இன்னும் வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் நின்றார்கள். நான் அதை உன் முன்னால் மடித்து வைத்து, "வாசி" என்றேன்.

நீ வேறு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாய். தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்க்க ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்ற படம். பழைய காலத்தில் முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சாகவிட்டவர்களின் பெயர்களை முதல் தடவையாக அச்சடித்திருந்தார்கள். "இத எப்படி ஏட்டி திரும்ப மூடி வைக்கது? நீ மூடுவியா?" என்றாய். மூடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயர்களைப் படித்த பிறகு கட்சி சொன்ன எதையும் அங்கே யாரும் நம்பவில்லை என்பதும் உண்மைதானே. பயம்தான் அந்த வீட்டுக்கு உத்தரம் என்று கட்டினவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. பால்டிக் கரையில் இருந்த குடியரசுக்காரர்கள் எங்களை விடுங்கள் என்றார்கள், அப்புறம் மற்றவர்கள். கட்சி மட்டும்தான் ஆளலாம் என்ற சட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளிகள் சோப்புக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். நீ ஒவ்வொன்றுக்கும் சந்தோஷப்பட்டாய், ஒவ்வொன்றுக்கும் தூக்கத்தையும் விட்டாய்.

கொல்லத்துக்காரர் மறுபடி வந்தது தகரத்தைக் கவிழ்க்க அல்ல. முன்பெல்லாம் அங்கே ஒரே அலுவலகம் மொத்தமாக வாங்கும். நாம் முந்திரியும் தேயிலையும் அனுப்புவோம், அவர்கள் எண்ணெயும் இயந்திரமும் அனுப்புவார்கள், ரூபாய்க் கணக்கிலேயே நேர் செய்துகொள்வார்கள். இப்போது ஆலைகளும் குடியரசுகளும் தாங்களே வியாபாரம் செய்யலாம் என்று திறந்துவிட்டதில், யாரிடம் ஆர்டர் கேட்பது, யார் பணம் கொடுப்பது என்றே தெரியவில்லை என்றார். "நாடு இருக்கா இல்லியான்னே தெரியல்ல, பின்ன யாருக்கு அனுப்புகது?" என்றார். அவர் சொல்லிக் கொஞ்ச மாதத்தில் மாற்றம் பிடிக்காத பழைய கட்சிக்காரர்கள் டாங்கியைக் கொண்டுவந்து அந்தத் தலைவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். ஜனங்கள் தெருவில் நின்று மறித்தார்கள். மூன்று நாளில் அது பிசுபிசுத்தது, ஆனால் கூடவே அவர் அதிகாரமும் போயிற்று. தொண்ணூற்றொன்று கிறிஸ்துமஸ் அன்றைக்கு நான் சபைக்குப் போய்விட்டுக் கேக்கோடு உன் வீட்டுக்கு வந்தேன். நீ ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாய். அடுத்த நாள் செய்தியில் அந்த நாட்டின் கொடியையே இறக்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ ஆபீசுக்கு வந்து, செயலாளர் நாற்காலியில் உட்காராமல் உடைப்பில் போய்த் தரையில் உட்கார்ந்து, தோட்டு எண்ணெய் சுடாமலிருக்கக் கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு அண்டி உடைத்தாய். பழக்கம் விட்டுப்போன கை. உடைசலாகவே வந்தது. மூன்று மாதத்தில் ஆபீசைப் பூட்டினோம்.

உன் கட்சிக்காரர்கள் அந்தத் தலைவரைத் துரோகி என்றார்கள். நீ ஒப்புக்கொள்ளவில்லை. நல்லது செய்ய வந்து வரிசை தெரியாமல் செய்துவிட்டார் என்று நீ சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் குதூகலம், என் வார்த்தை அல்லவா அது! ஆனால் அடுத்த மூச்சிலேயே, "வரிசை தெரிஞ்சவன் எழுவது வருசம் ஒருத்தனும் வரல்லியே" என்று அதையும் பிடுங்கிக்கொண்டாய். அதற்குப் பிறகு அவர்கள் உன்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிடவில்லை. நீ என்னைக் கூப்பிட்டாய், சண்டைக்கு. மண்டைக்காட்டுக் கோவில் கொடைக்குப் போகிற பஸ்ஸில் சண்டை போட்டோம். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆக்சிஜன் குழலோடு கிடந்தபோது, அந்த நாடு உடைந்ததற்கு எண்ணெய் விலை விழுந்ததும் ஆப்கானிஸ்தான் சண்டையும்தான் முதல் காரணம் என்று நான் எடுத்துக்கொடுத்தேன், உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. நீ குழலை விலக்கிவிட்டு, "சும்மா எனக்க பக்கம் பேசாத. நல்லாயில்ல" என்றாய்.

இதுவரை நேற்று எழுதியது. மீதியைக் கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன்.

பழைய பேக்கிங் ஷெட்டில்தான் கூட்டம். கூரையில் பாதி இல்லை. நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். ரோசம்மா கடைசி வரிசையில் சேலை முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு இருந்தாள். அதிகாரி சின்ன வயசு, மரியாதையான பையன். அறிக்கையை வாசித்துக்கொண்டே வந்தார். உன் வரியும் வந்தது. ஆட்சேபம் இல்லை என்றால் கை தூக்குங்கள் என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பது போல கைகள் ஏறத் தொடங்கின.

எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் என்ன சொல்வது என்று யோசித்தேன். "அந்த வரி செரியில்ல" என்றேன்.

"என்னம்மா தப்பு?"

"வாங்கிட்டிருந்த நாடே இல்லாமப் போச்சு. அத எழுதல்லியே."

"அதைச் சேர்த்துக்கலாம். ஆனா தேர்தல் முறையால தரம் கெட்டது உண்மைதானே? நீங்களே அன்னைக்குக் குழுவில எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கீங்க. தீர்மானத்துல உங்க பேர் இருக்கு."

ஷெட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்ல வரவில்லை எனக்கு. சும்மா உன் பக்கம் பேசினால் உனக்குப் பிடிக்காது என்பதும் தெரியும்.

"எதிர்த்தேன். இன்னைக்கும் எதிர்க்கேன். அவ செஞ்ச வரிசை தப்பு. ஆனா அவ வாறதுக்கு முன்னால இந்த ஆபீசுல யாராவது யாரையாவது எதிர்த்ததுண்டான்னு இவளுவகிட்ட கேளும். கக்கூசுக்குக் கதவில்லன்னு சொல்லவே எங்களுக்குப் பயம். என்னிய எதிர்க்க விட்டா அவ. எதிர்த்ததுக்குப் பெறவும் எனக்க மேசைய மாத்தல்ல. அதையும் எழுதும்."

அவர் பேனாவை வைத்துவிட்டு, அதை எப்படியம்மா எழுதுவது என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அதற்குள் பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. ரோசம்மா முந்தானையை இறக்கிவிட்டு நின்றாள்.

"உடைசல முழுசுன்னு எடை போட்டது நானாக்கும். கூலி வாங்கினது இங்க இருக்கிய எல்லாரும். அவ ஒருத்திக்க பேர மட்டும் எழுதப்பிடாது சார். எழுதினா எல்லாருக்க பேரையும் எழுதும்."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரோ விசும்பினார்கள். அதிகாரி பேனாவை மறுபடி எடுத்து வரியை அடித்துத் திருத்தி வாசித்தார்: உறுப்பினர்கள் ஓட்டெடுப்பில் தாங்களே எடுத்த முடிவுகளாலும், சரக்கு வாங்கிவந்த நாடு இல்லாமல் போனதாலும் சங்கம் மூட நேர்ந்தது. செயலாளர் என்ற சொல் அதில் இல்லை. மறுபடி கை தூக்கச் சொன்னார். எல்லாரும் தூக்கினார்கள். நான் மட்டும் தூக்கவில்லை. முதலில் சரக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்பதை அவர் எங்கும் எழுதவில்லையே! ஒரு எதிர்ப்பு என்று குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. ஜெயித்துவிட்டு வந்தவளுக்குத் தூக்கம் வர வேண்டாமா? வரிசை தப்புத்தான் என்று சமையலறையில் நின்று உரக்கச் சொன்னேன். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்து, அதையும் நானே சொன்னேன். அதற்கு ஒரு பதிலும் கண்டுபிடித்தேன், நல்ல பதில், உன்னை வாயடைக்க வைத்திருக்கும். நீ போனதிலிருந்து இப்படித்தான். இரண்டு பக்கமும் நானே பேசுகிறேன், ஒவ்வொரு தடவையும் நானே ஜெயிக்கிறேன். மறுத்துச் சொல்ல ஆளில்லாமல் எழுபது வருஷம் ஜெயித்துக்கொண்டே இருந்த அந்த நாட்டுக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று, ஏட்டி, எனக்கு இப்போதுதான் தெரிகிறது.